மண்டைதீவில் ஒரு தேசப்பட வகுப்பு

யாழ்ப்பாண நகரத்தை விட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபுறமும் பரவைக்கடல் விரிகின்றது. களங்கண்டித் தடிகள் நீரிலே நிரை நிரையாக நிற்கின்றன. கொக்கும் நாரையும் முழங்காலளவு நீரில் இரைதேடி நடக்கின்றன. நயினை நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும் நெடுந்தீவுக்குச் செல்வோரும் குறிகட்டுவான் துறையை நோக்கி விரையும் பேருந்தில் இருந்தவாறே இக்காட்சியைக் கண்டு மகிழ்வர். ஆயினும் வழியிலே இடப்புறமாகப் பிரிந்து செல்லும் ஒரு வீதியைத் திரும்பிப் பார்ப்போர் சிலரே. அது மண்டைதீவுக்குச் செல்லும் வீதி. நகரத்துக்கு இத்துணை அண்மையில் இருந்தும் நம்மிற் பலர் காலெடுத்து வைக்காத தீவு அது.

எமது உயர்தர வகுப்பிற் புவியியல் பயிலும் மாணாக்கரிடம் ஒருநாள் அமேசன் ஆற்றின் வடிநிலத்தைப் பற்றி வினவினோம். தடையின்றிக் கூறினர். மண்டைதீவிலே பெய்யும் மழைநீர் எங்கே செல்கின்றது என்று அடுத்து வினவினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பாடநூலில் இல்லாத ஒன்றை அறியாதிருப்பது அவர்கள் குற்றமன்று; கண்ணெதிரே கிடக்கும் நிலத்தைக் காட்டிக்கொடாத எமது குற்றமே. அன்று தோன்றிய எண்ணத்தின் பயனாக, 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் மாணவ மாணவியர் பன்னிருவரை ஆறு நாட்கள் அத்தீவுக்கு அழைத்துச் சென்றோம். கைத்தொலைபேசியின் துணைகொண்டு தேசப்படம் ஆக்கும் முறையைப் பயிற்றுவிப்பதே நோக்கம். இலக்கமுறைப் படமாக்கல் என்று இந்நாளிற் பெரிதாகப் பேசப்படும் கலை அதுவே. அந்த ஆறு நாட்களிற் பிள்ளைகள் கற்றது ஒருபுறம் இருக்க, நாம் கற்றதும் கொஞ்சமன்று. அதனையே இவ்வாரம் வாசக நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

முதல் நாள், ஆகஸ்ட் 11ஆந் தேதி, எல்லாருடைய தொலைபேசிகளையும் வாங்கி ஒரு பையில் இட்டுக் கட்டிவிட்டோம். பிள்ளைகளின் முகம் வாடியது. அவற்றுக்குப் பதிலாக ஆளுக்கொரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தை மணலில் விரித்தோம். அப்படத்தில் ஒரு கிலோமீற்றர் 2 சென்ரிமீற்றராகச் சுருங்கும். ஏறத்தாழ 7.5 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மண்டைதீவு முழுவதும் 30 சதுர சென்ரிமீற்றருக்குள், அதாவது ஒரு சிறுபிள்ளையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. “இவ்வளவுதானா சேர்?” என்றான் ஒரு மாணவன். மாலையில், சோளகக் காற்றை எதிர்த்து வெயிலில் நடந்து திரும்பியபின் அவன் அவ்வினாவை மீண்டும் எழுப்பவில்லை. அளவுத்திட்டம் என்பதைக் காலால் அறிந்துகொண்டான்.

அன்று நண்பகலில் ஒரு மீற்றர் நீளமுள்ள தடியொன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நாட்டினோம். நிழலின் நுனியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரச் செய்தோம். இது புதிய வித்தையன்று. அரண்மனை கட்ட நிலம் வகுத்த நம் முன்னோர், நண்பகல் நிழலைக் கொண்டு திசை கண்ட செய்தி நெடுநல்வாடையிலே உண்டு. ஆனால் எமது பிள்ளைகளுக்கு இரண்டு வியப்புக்கள் காத்திருந்தன. முதலாவது, நண்பகல் நிழல் வடக்கே விழாமல் தெற்கே விழுந்தது. அதுவும் 10 சென்ரிமீற்றர் அளவே. மண்டைதீவு கிடப்பது வட அகலக்கோடு 9 பாகை 36 கலையை அடுத்து. அன்று சூரியனோ 15 பாகைக்குச் சற்று வடக்கே நின்றான். நம் தலைக்கு வடபால் நிற்பவனின் நிழல் தென்பால் விழுவதுதானே முறை? ஆகஸ்ட் 28ஐ அடுத்து நிழல் தடியின் அடியிலே ஒடுங்கிவிடும். அவ்வாறே ஏப்பிரல் 15ஐ அண்டியும் ஒடுங்கும். சித்திரை வருடப்பிறப்புக் காலத்திற் சூரியன் நம் உச்சிக்கு வருகின்றான் என்று சொன்னபோது, பஞ்சாங்கமும் பாடநூலும் ஒன்றையொன்று கண்டு கைகுலுக்கியது போன்ற மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு.

இரண்டாவது வியப்பு, நிழல் நேர் தெற்கே விழுந்த வேளை மணி 12 அன்று. 12 மணி 15 நிமிடம். நமது நாட்டு நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. நாம் நின்றதோ 80 பாகையை ஒட்டி. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் 2½ பாகைக்கு 10 நிமிடம். எஞ்சிய 5 நிமிடம், பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதை வட்டமாயில்லாமையாலும் பூமியின் அச்சுச் சாய்ந்திருத்தலாலும் அந்நாளில் நேர்வது. ஒரு தடி, ஒரு கைக்கடிகாரம், கொஞ்சம் பொறுமை ஆகியவற்றால் தாம் நிற்கும் நெடுங்கோட்டைத் தாமே கணித்த பிள்ளைகள், மறுநாள் தொலைபேசி அதே எண்ணைக் காட்டியபோது அதனை மந்திரமென்று நினைக்கவில்லை.

இரண்டாம் நாள் தொலைபேசிகளைத் திருப்பிக் கொடுத்தோம். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே செல்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் குரலைக் கேட்டு, ஒவ்வொரு குரலும் எவ்வளவு தாமதித்து வந்தது என்பதைக் கொண்டு தொலைபேசி தன் இருப்பிடத்தைக் கணிக்கின்றது. நொடியில் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் இடம் 300 மீற்றர் விலகிவிடும். 1802ஆம் ஆண்டு ஏப்பிரலில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னையிலே அடிக்கோடு அளந்து இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கியபோது, அவர் கொண்டு திரிந்த கோணமானி ஏறத்தாழ அரைத் தொன் நிறையுடையது. 1808இல் தஞ்சைப் பெருங்கோயிலின் மேல் அதனை ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சிதைந்தது. அவரே ஒட்டுப்போட்டுத் திருத்தி வேலையைத் தொடர்ந்தார். அத்துணைப் பாடுபட்டுப் பெற்ற அறிவின் பயனை இன்று சட்டைப் பையில் வைத்திருக்கும் பிள்ளை, அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு மாணவி கிணறொன்றின் இடத்தைப் பாகையில் ஏழு தசமதானம் வரை கொப்பியில் எழுதியிருந்தாள். பாகையில் ஏழாம் தசமதானம் என்பது நிலத்தில் ஒரு சென்ரிமீற்றர். சாதாரணத் தொலைபேசியின் பிழையோ திறந்த வெளியிலேயே ஏறத்தாழ 5 மீற்றர். “பிள்ளை, உன் கணக்கு ஆமணக்கங்கொட்டையின் இடத்தைச் சொல்கின்றது, உன் கருவிக்கோ கிணற்றைக் காண்பதே அரிது” என்றோம். எல்லாரும் சிரித்தனர். கதியால் ஒன்று அரை முழம் நகர்ந்தால் கச்சேரி வரை செல்லும் நம் ஊரிலே, 5 மீற்றர் என்பது இரண்டு தலைமுறை வழக்குக்குப் போதுமானது என்று சொன்னோம். அவ்வேடிக்கைப் பேச்சு ஐந்தாம் நாள் வேடிக்கையாக இருக்கவில்லை.

பிள்ளைகள் வரைந்தது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுத் தேசப்படத்தில். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தொடங்கப்பட்ட முயற்சி இது. எவரும் வரையலாம், எவரும் திருத்தலாம், எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். முறையும் எளிது. செய்மதி எடுத்த நிழற்படத்தின்மேல் மூன்று விதமான குறிகளே இடல்வேண்டும். கிணறு ஒரு புள்ளி. ஒழுங்கை ஒரு கோடு. குளம் ஒரு பரப்பு. அதன்பின் ஒவ்வொரு குறிக்கும் அது யாது, அதன் பெயர் யாது என்று எழுதல் வேண்டும். மூன்றாம் நாள் முழுவதும் இதிற் கழிந்தது. வீட்டுக் கூரைகளும் பனங்காணிகளும் கோயில் மதில்களும் ஒவ்வொன்றாய்ப் படத்தில் ஏறின. மாலையிலே பார்த்தபோது எமக்கே பெருமையாக இருந்தது.

நான்காம் நாள் அப்பெருமை அடங்கியது.

செய்மதிப் படத்திலே சாம்பல் நிறமாய், மரமின்றி, அகன்று கிடந்த ஒரு வெளியை இரு மாணவர் “விளையாட்டு வெளி” என்று குறித்திருந்தனர். நேரிற் சென்று பார்த்தோம். நிலம் காய்ந்து வெடித்திருந்தது, மாடுகள் மேய்ந்தன, பந்தடித்த சுவடும் இருந்தது. சரியே என்று எண்ணி நின்ற வேளை, மாடு சாய்த்து வந்த முதியவர் ஒருவர் அருகே வந்து தொலைபேசியை எட்டிப் பார்த்தார்.

“உதென்ன தம்பியவை செய்யிறியள்?”

“ஊரின்ரை படம் கீறுறம் ஐயா. இது விளையாட்டு வெளிதானே?”

அவர் சிரித்தார். “ஆவணியிலை வந்து பாத்தால் வெளிதான். மாரியிலை வந்து பாருங்கோ. உதிலை இடுப்பளவு தண்ணி நிக்கும். அந்தா தெரியுது வடலி, அதுமட்டும் தண்ணிதான். உது குளமடா மோனை.”

அவர் கைகாட்டிய வடலி, பிள்ளைகள் வரைந்த எல்லைக்கு வெகு தூரத்துக்கு அப்பால் இருந்தது. செய்மதியின் கண் கூர்மையானதுதான். ஆனால் அது பார்த்தது ஒரு நாளை. அம்முதியவர் பார்த்தது எழுபது மாரியை. நமது தீவுகளில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மழையே ஆண்டு முழுவதற்கும் முதலீடு. அந்நீர் குளத்திலும் தரவையிலும் தங்கி, சுண்ணாம்புக் கல்லின் துளைகளூடே கீழிறங்கி, கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது விதி. மேலே ஓரடி குறைந்தால், கீழே 40 அடி உவராகும் என்பதும் அதே விதிதான். ஆகவே, கோடையிற் காய்ந்து கிடக்கும் குளத்தை வெறும் வெளியென்று படத்தில் எழுதுவது சிறு பிழையன்று. அப்படத்தை நம்பி ஒருவன் அதனை மூடி வீடு கட்டுவான். அயலிற் கிணறு உப்பாகும்.

அன்று பிற்பகல் பிள்ளைகள் தாமாகவே வேலையின் முறையை மாற்றிக்கொண்டனர். வீடு வீடாகச் சென்று மூன்று வினாக்கள் கேட்டனர். இவ்விடத்துக்குப் பெயர் என்ன? மாரியில் தண்ணீர் எதுவரை வரும்? இந்தக் கிணற்று நீர் குடிக்கவா, குளிக்கவா, ஒன்றுக்கும் ஆகாததா? கேட்டவற்றைக் கொப்பியில் எழுதி, இருவர் கூற்று ஒத்திருந்தால் மட்டுமே படத்தில் ஏற்றினர். குளத்தின் கோடை எல்லையை அழித்து, மாரி எல்லையை வரைந்து, ஆண்டில் ஒரு பருவம் மட்டுமே நீர் நிற்கும் என்ற குறிப்பையும் சேர்த்தனர்.

பெயர் கேட்கப் போனபோதுதான் வேறொன்று தெரிந்தது. 1990ஆம் ஆண்டிலே போரினால் மண்டைதீவு மக்கள் தம் வீடு வாசலை விட்டு வெளியேறினர். நெடுங்காலம் கழித்தே திரும்பிவர முடிந்தது. திரும்பாதோர் உளர், திரும்ப இயலாதோரும் உளர். இடைப்பட்ட காலத்தில் மதில்கள் இடிந்தன. ஒழுங்கைகளைப் பற்றை மூடியது. அடையாளமாய் நின்ற மரங்கள் வீழ்ந்தன. வெளியூர்களிற் பிறந்து வளர்ந்து வந்த பிள்ளைகளுக்கு, சந்துகளுக்கும் துரவுகளுக்கும் தாத்தாமார் வழங்கிய பெயர்கள் தெரியவில்லை. அவை இன்று சில முதியோரின் நினைவில் மட்டும் கிடக்கின்றன. எந்தச் செய்மதியும் அவற்றைப் படம் பிடிக்க மாட்டாது.

பெயர் எழுதும் உரிமை சிறியதென்று எண்ணற்க. ஒல்லாந்தர் நமது தீவுகளைப் பிடித்தபோது தமது ஊர்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம். யாழ்ப்பாணத்திலே பணிபுரிந்த பல்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலின் தேசப்படத்தில் இப்பெயர்கள் அச்சேறின. தீவாரை எவரும் கேட்டு எழுதியதில்லை. பெரும்பாலானவை மறைந்தன, ஆயினும் நெடுந்தீவை ஆங்கிலத்திலே டெல்வ்ற் என்றே இன்றும் உலகம் எழுதுகின்றது. பதினேழாம் நூற்றாண்டிலே கப்பலேறி வந்தவன் கையில் இருந்த எழுதுகோல், இன்று மண்டைதீவின் ஒழுங்கையில் நிற்கும் பதினேழு வயதுப் பெண்பிள்ளையின் கையில் இருக்கின்றது. அவள் கேட்டு எழுதவேண்டும், பொய்யின்றி எழுதவேண்டும்.

ஐந்தாம் நாள் அது சோதனைக்கு உள்ளாயிற்று. ஒரு வளவின் படலையடியில் ஆச்சி ஒருவர் பிள்ளைகளுக்கு மோர் கொடுத்து இருத்தி, எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு தாழ்ந்த குரலிற் கேட்டார்: “எங்கடை காணியும் உந்தப் படத்துக்குள்ளை கிடக்குதோ, மோனை? ஓடேக்கை உறுதியெல்லாம் போட்டுது. எல்லையிலை நிண்ட புளியும் இல்லை. உதைக் காட்டினால் நம்புவினமோ?”

அருகிருந்த மாணவன் இரக்கத்தினால், “ஓம் ஆச்சி, எல்லாம் கிடக்கு” என்றுவிட்டான். ஆச்சியின் முகம் மலர்ந்ததைக் கண்டபோது எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அந்த ஓமை அப்படியே விட்டுவிட்டு எழும்புவது எளிது. ஆயினும் உட்கார்ந்து, மெல்ல மெல்ல எடுத்துச் சொன்னோம். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். பக்கத்துக்கு 16 மீற்றர் கொண்ட சதுரம். எமது கருவி பிழைப்பதோ 5 மீற்றர். இப்படம் வழி காட்டும், எல்லை காட்டாது. எந்த நீதிமன்றும் இதனைக் கொண்டு காணி தீர்க்காது. உறுதி பதியப்பட்டிருந்தால் அதன் பிரதியைக் காணிப் பதிவகத்திற் கேட்டுப் பெறலாம். எல்லையை அனுமதி பெற்ற நில அளவையாளரே அளந்து காட்டவேண்டும். கிராம அலுவலரிடமும் சொல்லுங்கள் என்றோம்.

ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அதுவும் சரிதான். பொய்யாய்ச் சொல்லாமல் விட்டியளே” என்றவர், கொப்பியை எடுக்கச் சொல்லித் தம் காணியின் பெயரையும் அயற்காணிகளின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார். நம் நாட்டு உறுதிகளிலே காணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது நேயர்கள் அறிந்ததே. அவற்றைப் பொதுப் படத்தில் ஏற்றவில்லை. ஒருவரின் சொத்தைப் பற்றிய செய்தியை உலகத்தின் முன் விரிப்பது எமது வேலையன்று. கொப்பியில் எழுதி, பிரதியொன்றை ஆச்சியின் கையிலேயே கொடுத்து வந்தோம். “ஓம்” என்ற மாணவன் திரும்பும்போது பாலம் முடியும்வரை பேசாமல் வந்தான். படத்தில் எதை எழுதுவது என்பதோடு எதை எழுதாது விடுவது என்பதும் அக்கலையின் பாடமே. அதனை எந்தச் செயலியும் கற்பிக்காது.

இத்தகைய வேலையால் விளையும் பயன் என்ன என்று பெற்றோர் சிலர் கேட்டனர். 2010 சனவரியில் ஹெயிட்டி நாட்டிலே நிலம் நடுங்கிய போது, தலைநகருக்குச் செம்மையான வீதிப்படம் இருக்கவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர் செய்மதிப் படத்தைப் பார்த்து வரைந்த தேசப்படமே மீட்புப் பணியாளருக்கு வழிகாட்டியது. நமது நாட்டிலும் 2012ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கி, மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரிவில் 30,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் இதே பொதுப் படத்தில் வரையப்பட்டன. வெள்ளமோ புயலோ வந்தால் எவ்வீடு தாழ்வில் உள்ளது, எவ்வீதி தப்பும் வழி என்று முன்னமே அறிதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட கரையிலே அதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

மண்டைதீவுக்கும் அக்காலம் வந்துவிட்டது. எமது வகுப்பு முடிந்து சில நாட்களில், 2025 செப்டெம்பர் 1ஆந் தேதி, அங்கே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு நாட்டின் சனாதிபதி அடிக்கல் நாட்டினார். தீவுக்கு வேலையும் வீதியும் வருமென்று மகிழ்வோர் உளர். சதுப்பு நிலத்துக்கும் கண்டற் காட்டுக்கும் கேடாகுமென்று அஞ்சுவோரும் உளர். வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் இருசாராரும் அமர்ந்து பேசும் மேசையிலே மாரி வெள்ளத்தின் எல்லையும், நன்னீர்க் கிணறுகளும், கண்டல் நிற்கும் கரையும் குறிக்கப்பட்ட ஒரு படம் விரிந்து கிடத்தல் வேண்டும். அப்படத்தை ஊரவர் வாய்மொழி கேட்டு ஊர்ப் பிள்ளைகள் வரைந்திருத்தல் இன்னும் நன்று. படம் இல்லாத இடத்திலே, குரல் பெரியவன் சொன்னதே எல்லையாகிவிடும்.

பெற்றோரே, வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளை தொலைபேசியை நோக்கியவாறே இருந்தால் அதனைப் பறித்து வைக்கவேண்டா. அதனோடு ஒரு கொப்பியையும் கொடுத்து, பாட்டனையோ பாட்டியையோ துணைக்கு அனுப்புங்கள். மாணவர்களே, உங்கள் ஊரில் மூன்றே மூன்றைத் தேடிக் குறியுங்கள்: பெயர் மறந்துபோன ஓர் ஒழுங்கை, கோடையிற் காணாமற் போகும் ஒரு குளம், எந்த வரட்சியிலும் இனிக்கும் ஒரு கிணறு. நேரில் நின்று பாருங்கள், இருவரைக் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.

நாமும் பிள்ளைகளும் மார்கழியில் ஒருமுறை மண்டைதீவுக்குச் செல்வதாக முடிவு செய்துள்ளோம். அந்த வடலி மட்டும் தண்ணீர் வந்து நிற்கின்றதா என்று பார்த்துவர வேண்டும்.